வழி திறப்பவன்

சில பெயர்கள், அவை சுட்டிய பொருள் மாறிய பின்னரும் மாறாமல் நிலைத்துவிடுகின்றன. அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் 'ஃபுல்பேக்' என்னும் பெயர் அத்தகையது. 'முழுவதும் பின்னே நிற்பவன்' என்பது அதன் நேர்ப்பொருள். ஆனால் இன்று அப்பெயரைத் தாங்கும் வீரன், பந்தை ஏந்தி ஓடுபவனுக்குப் பெரும்பாலும் முன்னே நிற்கிறான். பல அணிகளிலோ அவனுக்கு இடமே இல்லை. தொழில்முறை ஆட்டத்தில் அந்த இடத்திற்கு இனியும் பொருள் உண்டா என்னும் வினா, அந்நாட்டு விளையாட்டு அன்பர்களிடையே நெடுநாளாக நிலவி வருகிறது. பிறர் பெயர் பெறுவதற்காக உழைப்பவனை எந்த அளவுகோலால் அளப்பது என்னும் வினாவும் அதனுள் அடங்கியிருப்பதால், இவ்வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

இது நாம் ஆடும் கால்பந்து அன்று. ரக்பி ஆட்டத்தினின்று கிளைத்தது. 1880களில் யேல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வால்ட்டர் கேம்ப் வகுத்த விதிகளே இதற்குத் தனி உருவம் தந்தன. அணிக்குப் பதினொருவர். பந்தை வைத்திருக்கும் அணி, இன்றைய விதிப்படி, நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். இல்லையேல் பந்து எதிரணியிடம் போய்விடும். முன்வரிசையில் எழுவர் தோளோடு தோள் நிற்க, பின்னே நால்வர் நின்றனர். அந்நால்வருள் முன்வரிசைக்கு மிக அருகில் நின்றவர் 'கால்' பங்கு பின்னே நிற்பவராகிய குவார்ட்டர்பேக். அடுத்த இருவர் 'அரை'ப் பங்கு பின்னே நின்ற ஹாஃப்பேக்குகள். எல்லாருக்கும் பின்னே நின்றவரே ஃபுல்பேக். தூரமே பெயராயிற்று.

பின்னே நின்றவர் கடைநிலையில் இருந்தவர் அல்லர். ஓடிவர இடம் மிகுதியாகக் கிடைத்ததால், உடல்வலிமை மிக்கவருக்கே அவ்விடம் தரப்பட்டது. 1930இல் சிகாகோ பேர்ஸ் அணியில் சேர்ந்த பிராங்கோ நகுர்ஸ்கி இதற்குத் தக்க சான்று. ஏறத்தாழ 100 கிலோ எடையுள்ள அவரைத் தனி ஒருவராய் நிறுத்துவது அரிது. 1932ஆம் ஆண்டின் இறுதி ஆட்டத்தில், அவர் பந்தோடு பாய்வது போலக் காட்டி, சட்டென்று அதைத் தம் தோழர் ரெட் கிரேஞ்சுக்கு எறிந்தார். அதுவே வெற்றிக்கு வழி வகுத்தது. பந்தை எறிபவர் முன்வரிசைக்கு 5 கெஜம் பின்னே நிற்க வேண்டும் என்னும் அக்கால விதி மீறப்பட்டதாக எதிரணியினர் முறையிட்டனர். மறு ஆண்டே அவ்விதி தளர்த்தப்பட்டு, முன்வரிசைக்குப் பின்னே எங்கிருந்தும் எறியலாம் என்றாயிற்று. எறிதலின் வளர்ச்சியே பின்னாளில் ஃபுல்பேக்கின் இடத்தைச் சுருக்கியது. அதற்கான கதவுகளுள் ஒன்றைத் திறந்தவர் ஒரு ஃபுல்பேக்கே என்பது வரலாற்றின் விந்தை.

அடுத்த தலைமுறையில் கிளீவ்லாந்து பிரௌன்ஸ் அணியின் மரியன் மோட்லி வருகிறார். 1946இல் தொழில்முறைக் கால்பந்தின் நிறவேலியைத் தகர்த்த கறுப்பின வீரர் நால்வருள் ஒருவர் அவர். பந்தேந்தி ஓடுவதில் வல்லவரான அவர், தம் குவார்ட்டர்பேக்கைத் தாக்க வருவோரைத் தடுத்து நிறுத்துவதிலும் இணையற்றவராக விளங்கினார். அதே அணியில் 1957 முதல் 1965 வரை ஆடிய ஜிம் பிரௌன், ஒன்பது பருவங்களில் 12,312 கெஜம் ஓடினார்; அவற்றுள் எட்டில் அவரே முதலிடம். இன்று எவரும் ஐயுறும் இந்த இடம், அன்று ஆட்டத்தின் அரியணையாகவே இருந்தது.

1972ஆம் ஆண்டை இங்கே தனியே குறிப்பிட வேண்டும். அப்பருவத்தில் ஓர் ஆட்டத்திலும் தோற்காத மயாமி டால்ஃபின்ஸ் அணியின் ஃபுல்பேக் லாரி சோங்கா 1,117 கெஜம் ஓடினார். அவ்வாண்டு டிசம்பர் 23 அன்று பிட்ஸ்பர்க் நகரில், ஆட்டம் முடிய நொடிகளே எஞ்சியிருந்தபோது, ஃபுல்பேக் பிராங்கோ ஹாரிஸுக்கு இட்ட பணி, பின்னே நின்று குவார்ட்டர்பேக்கைக் காப்பதே. பந்து எறியப்பட்டதும் அவர் தம் பணி முடிந்ததென்று நிற்கவில்லை. பந்து சென்ற திசையில் ஓடினார். மோதித் தெறித்த பந்தை, அது தரையைத் தொடுமுன் ஏந்தி எல்லைக்கோட்டைக் கடந்தார். மரியன்னையின் அமல உற்பவத்தைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரைச் சற்றே திரித்து, அந்நகரத்தார் அதனை 'இம்மாகுலேட் ரிசெப்ஷன்' என்று அழைக்கலாயினர். கத்தோலிக்கச் செவிக்கு இச்சொல்விளையாட்டு சற்று உறுத்தலாம். எனினும் ஒரு நகரின் மகிழ்ச்சியே அவ்வாறு பேசிற்று என்று கொள்வோம்.

இதற்கிடையே ஆட்ட அமைப்பு மாறத் தொடங்கியிருந்தது. பின்வரிசையினர் ஒருவர் பின் ஒருவராக நிற்கும் முறையில், குவார்ட்டர்பேக்கின் பின்னே ஃபுல்பேக்கும், அவருக்கும் பின்னே பந்தேந்தி ஓடுபவரும் நின்றனர். கடைசியில் நின்றவர் முன்னே வந்தார். ஏந்தியவர் வழி திறப்பவரானார். அவர் எந்த இடைவெளியில் பாய்ந்து எதிரியைத் தள்ளப் போகிறார் என்பது, ஆட்டம் தொடங்கும்வரை எதிரணிக்குத் தெரியாது. அதுவே அவருடைய பயன். 1990களில் டாலஸ் அணியில் எம்மிட் ஸ்மித்துக்கு முன்னே டாரில் ஜான்ஸ்டன் இவ்வாறு ஓடினார். 1993இல் தொடங்கிப் பதினாறு பருவங்கள் ஆடிய லொரென்சோ நீலோ, தொடர்ந்து பதினோரு பருவங்களில் தம் அணியில் ஒருவர் 1,000 கெஜத்தைக் கடக்க வழிசெய்தார். கணக்கேட்டில் அந்தக் கெஜங்கள் பிறர் பெயரில் உள்ளன.

பின்னர் வீழ்ச்சி ஏன் நேர்ந்தது? 1978இல் விதிகள் எறிந்தாடுவோர்க்குச் சாதகமாக மாற்றப்பட்டன. 1981இல் வாஷிங்டன் அணியின் பயிற்சியாளரான ஜோ கிப்ஸ், பின்னே ஒரே ஓட்டக்காரரை மட்டும் நிறுத்தும் முறையில் பெருவெற்றி கண்டார். பந்தைப் பிடிக்க விரைவோர் மூவரும் நால்வரும் களமெங்கும் பரவி நிற்கும் காலம் வந்தது. அணியின் பட்டியலில் 53 பேருக்கே இடம். சில நிமிடங்களே ஆடும் ஒருவருக்கு அதில் ஓரிடம் தரப் பல பயிற்சியாளர்கள் தயங்கினர். அவர்கள் இழைத்தது அநீதி அன்று. அது ஒரு கணக்கு.

இவ்விடத்தில் பழம்பெருமையை எண்ணி ஏங்குவோர் ஒன்றை மறத்தலாகாது. வழி திறப்பவர் ஒவ்வொரு முறையும் ஓடிவந்து மோதுகிறார். 1992 முதல் எட்டுப் பருவங்கள் ஃபுல்பேக்காக ஆடிய கெவின் டர்னர், நரம்பு நோயால் உடல் செயலிழந்து, 2016 மார்ச்சில் தமது 46ஆம் வயதில் மறைந்தார். தலையில் மீண்டும் மீண்டும் பட்ட அடிகளால் விளையும் மூளைச் சிதைவு அவரிடம் மிகக் கடுமையாக இருந்ததைப் பாஸ்டன் பல்கலைக்கழக மருத்துவர் பின்னர் கண்டறிந்தனர். மூளைக் காயங்களுக்காக முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்கில், அனைவர் சார்பிலும் முன்னின்றவருள் அவரும் ஒருவர். இத்தகைய மோதல் குறைவதைக் கண்டு யாரும் வருந்த வேண்டியதில்லை.

ஆயினும் வரலாறு அத்துடன் முற்றுப்பெறவில்லை. எறிதலைத் தடுப்பதற்காக எதிரணியினர் எடை குறைந்த, விரைந்தோடும் வீரர்களையே மிகுதியாக நிறுத்தலாயினர். அப்போது வலிமை மிக்க ஒருவரைக் களத்தில் இறக்கினால், அவர்களுக்கு அது இடராகிறது. ஹார்வர்டில் பயின்ற கைல் யூஸ்செக்குடன் சான்பிரான்சிஸ்கோ அணி 2017இல் நான்காண்டுகளுக்கு 2.1 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தபோது பலர் வியந்தனர். அவர் வழி திறப்பார், பந்தைப் பிடிப்பார், ஆட்டம் தொடங்குமுன் இடம் மாறி எதிரணியைக் குழப்புவார். 2019, 2023 பருவங்களில் அந்த அணி இறுதிப் போட்டியாகிய சூப்பர் பவுலை எட்டியது. இரு முறையும் தோற்றது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பால்டிமோர் அணியோ, தற்காப்பு வீரராக வந்த பேட்ரிக் ரிக்கார்டை ஃபுல்பேக்காக்கிப் பயன் கண்டது.

ஆகவே நம் விடை இது: எல்லா அணிக்கும் அவர் தேவையில்லை; ஆனால் அவரைப் பயன்படுத்த அறிந்த அணிக்கு அவர் இன்றும் பெருந்துணை. மோதுவதற்கு மட்டுமே வைக்கப்பட்ட மனிதராக அவர் இருந்த காலம் பெரும்பாலும் கழிந்தது. அது கழிந்தது நன்றே. பல பணிகளை ஏற்று, பிறர் பார்வை படாத இடத்தில் அவற்றை முடிப்பவராக அவர் நீடிக்கிறார்.

2010 ஆகஸ்டில், ஓஹையோ மாநிலத்துக் கேண்டன் நகரில், எம்மிட் ஸ்மித் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டார். 18,355 கெஜம் ஓடி எவரும் எட்டாத உயரத்தை அடைந்திருந்த அவர், தம் ஏற்புரையில், அவையில் அமர்ந்திருந்த ஜான்ஸ்டனை நோக்கி, கண்ணீர் மல்க நன்றி கூறினார். அந்த இடத்திற்குப் பொருள் உண்டா என்று வினவுவோர்க்கு, அந்த 18,355இல் எத்தனை கெஜம் யாருடையது என்று பிரித்துக் காட்ட எந்தக் கணக்கேட்டாலும் இயலாது. பந்தை ஏந்தி ஓடியவருக்கு மட்டும் அது தெரிந்திருந்தது.