மந்தையை விட்டகலாத மேய்ப்பர்: ரபி லியோ பெக்

பெர்லின் பேராசிரியர் அடால்ஃப் ஹார்னாக் 1900ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கிறிஸ்தவத்தின் சாராம்சம்’ என்னும் நூல் இறையியல் மாணவர்க்குப் புதியதன்று. இயேசுவின் போதனையை ஒளியாகக் காட்டும்பொருட்டு, அவர் காலத்து யூத சமயத்தை, சிறப்பாகப் பரிசேயரை, இருளாகத் தீட்டியது அந்நூல். அதற்கு மறுமொழி கூற முன்வந்தவர் ஓப்பெல்ன் நகரில் ஊழியஞ் செய்த இளம் ரபி லியோ பெக் ஆவார். ‘யூத சமயத்தின் சாராம்சம்’ என்னும் அவரது நூல் 1905இல் வெளிவந்தது.

பெக் 1873இல் லிஸ்ஸா என்னும் ஊரில் ஒரு ரபியின் மகனாகப் பிறந்தார். 1912 முதல் பெர்லின் யூத சபையாரின் ரபியாகவும், அங்கிருந்த யூத உயர்கல்விக் கழகத்தின் ஆசிரியராகவும் விளங்கினார். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் ஜெர்மானிய யூதரின் பிரதிநிதித்துவ அமைப்புக்குத் தலைமையேற்றார். அயல்நாடுகளிலிருந்து அழைப்புகள் வந்தபோதும் தம் மக்களைவிட்டு அகல மறுத்தார்.

1938இல் அவர் நற்செய்தி நூல்களை யூத விசுவாச வரலாற்றின் சான்றாக ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். அவ்வாண்டு நவம்பரிலேயே ஜெர்மனியெங்கும் ஜெப ஆலயங்கள் தீக்கிரையாயின. நம் வேதத்தை அவர் மதிப்போடு வாசித்துக்கொண்டிருக்க, கிறிஸ்தவ நாடொன்று அவருடைய ஆலயங்களைக் கொளுத்தியது.

1942இல் உயர்கல்விக் கழகம் மூடப்படும்வரை கற்பித்தார். 1943 ஜனவரியில், தம் 69ஆம் வயதில், தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கே குப்பை வண்டி இழுத்தார். இரவில் நெருக்கமான அறைகளில் கூடியோர்க்குத் தீர்க்கதரிசிகளையும் தத்துவ ஞானிகளையும் பற்றி விரிவுரை ஆற்றினார். அம்முகாமுக்கு அனுப்பப்பட்ட ஏறத்தாழ 1,40,000 பேரில் 33,000 பேர் அங்கேயே மாண்டனர். ஏறத்தாழ 88,000 பேர் கிழக்கே அனுப்பப்பட்டனர்.

அவர் வாழ்வில் தீராத வினா ஒன்றுண்டு. ஆஷ்விட்ஸில் நிகழ்வதை அவர் 1943லேயே கேள்வியுற்றும் மற்றக் கைதிகளுக்கு அறிவிக்கவில்லை. நச்சுவாயுவால் மரணம் வருமென்று எதிர்பார்த்து வாழ்வது மேலும் கொடியதாகும் எனக் கருதினார். ஹன்னா ஆரென்ட் 1963இல் இதனைக் கடிந்துரைத்தார். அம்மௌனம் இரக்கமா, பிழையா? அந்நிலையில் நில்லாத நாம் தீர்ப்பிடத் துணியோம். ஆயினும் வினாவை மறைக்கவும் மாட்டோம்.

விடுதலைக்குப்பின் லண்டனில் வாழ்ந்து, மீண்டும் கற்பித்து, 1956இல் மறைந்தார். அவ்வாண்டு அங்கே தொடங்கப்பெற்ற ரபிகள் பயிற்சிக் கல்லூரி இன்று அவர் பெயரைத் தாங்குகிறது.

நம் பிரசங்கபீடங்களில் ‘பரிசேயன்’ என்னும் சொல் இன்றும் வசைச்சொல்லாகவே ஒலிக்கிறது. அயலானை இருளாக்கித்தான் நற்செய்தியின் ஒளியைக் காட்ட வேண்டுமோ? ஹார்னாக்குக்கு அந்த ரபி விடுத்த வினா நமக்கும் உரியது. அடுத்த பிரசங்கத்தை ஆயத்தஞ் செய்கையில் அதற்கு விடை காண முற்படுவோமாக.