இரண்டு நாடு, ஒரு பாடநூல்

1870, 1914, 1939. எழுபது வருஷத்துக்குள் பிரான்சும் ஜெர்மனியும் மூன்று பெரிய போர்களில் மோதின. 1870-ல் ஸ்திராஸ்பூர்க் நகரில் பிறந்த ஒருத்தர் 75 வயசு வரை இருந்திருந்தால், ஊரை விட்டு நகராமலே நாலு தடவை நாடு மாறியிருப்பார். பள்ளிக்கூடத்து வரலாறும் கூடவே மாறியிருக்கும்.

இந்தப் பாடப்புத்தகச் சண்டையைத் தீர்க்கத்தான் 1951-ல் இரு நாட்டு வரலாற்றாசிரியர்களும் உட்கார்ந்து பேசினார்கள். போர் முடிந்து ஆறே வருஷம்! ஜெர்மனி பக்கம் கெர்ஹார்ட் ரிட்டர், பிரான்ஸ் பக்கம் பியர் ரெனுவான். 1914-ல் எந்த அரசும், எந்த மக்களும் வேண்டுமென்றே ஐரோப்பியப் போரை விரும்பியதாக ஆவணங்களை வைத்துச் சொல்ல முடியாது என்று ஒப்புக்கொண்டார்கள். யாருக்கும் நோகாத தீர்ப்பு.

பத்து வருஷத்தில் அதை உடைத்தது பிரெஞ்சுக்காரர் இல்லை, ஃபிரிட்ஸ் ஃபிஷர் என்ற ஜெர்மானியர். போருக்குப் பெரும் பொறுப்பு ஜெர்மனியுடையதே என்று ஆவணங்களோடு 1961-ல் புத்தகம் போட்டார். சொந்த நாட்டில் செம எதிர்ப்பு. முன்னால் நின்றவர் அதே ரிட்டர். என் கணக்கில், இரு நாட்டு உறவுக்கு 1951 ஒப்பந்தத்தைவிட ஃபிஷர் செய்ததுதான் பெரிய உதவி. தன் வீட்டுக் குற்றத்தைத் தானே சொல்கிறவனோடு பேசுவது சுலபம்.

2003-ல் பெர்லினில் கூடிய இரு நாட்டு மாணவர்கள் பொதுப் பாடநூல் வேண்டும் என்று கேட்டார்கள். 2006-ல் முதல் தொகுதி வந்தது. இரண்டு மொழி, ஒரே பாடம். எழுதியவர்களுக்குள் அதிகம் இடித்தது (எங்க தொழிலில் மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் என்போம்) உலகப்போர்கள் அல்ல. 1945-க்குப் பிறகான அமெரிக்காவை எப்படிப் பார்ப்பது என்பதுதான்.