சாம்பலில் காலத்தைப் படித்தவர்

எரிமலைச் சாம்பல் பயிரை அழிக்கும், மேய்ச்சல் நிலத்தை மூடும், ஊரையே பாழாக்கும். அதே சாம்பல் காலத்தைக் கணிக்கவும் உதவும் என்று காட்டியவர் ஐஸ்லாந்து நாட்டின் நிலவியல் அறிஞர் சிகுர்தூர் தோராரின்சன் (1912–1983).

ஒவ்வொரு வெடிப்பின்போதும் சாம்பல் பரந்த நிலப்பரப்பில் படிகிறது. அதன்மேல் மண் சேர்கிறது. பிறகு அடுத்த வெடிப்பின் சாம்பல். நிறம், துகளின் அளவு, வேதி இயைபு ஆகியவற்றைக் கொண்டு அடுக்குகளைப் பிரித்தறியலாம். வெடித்த ஆண்டு பழைய ஏடுகளில் குறிக்கப்பட்டிருந்தால், அடுக்கின் வயதும் தெரிந்துவிடும். அதற்குக் கீழே கிடைப்பவை முந்தியவை. மேலே கிடைப்பவை பிந்தியவை. இத்துகள்களுக்கு அவர் 'டெஃப்ரா' எனப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் அதற்குச் சாம்பல் என்று பொருள். 1944-இல் ஸ்டாக்ஹோமில் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு இத்துறைக்கு அடித்தளமாயிற்று.

1939-இல் ஐஸ்லாந்தில் ஸ்டோங் என்னும் பழம் பண்ணைவீடு அகழ்ந்தெடுக்கப்பட்டது. ஹெக்லா எரிமலையின் வெண்சாம்பல் அதை மூடியிருந்தது. அது 1300-ஆம் ஆண்டு வெடிப்பின் சாம்பல் என்று முதலில் கருதிய தோராரின்சன், மேலும் ஆராய்ந்து 1104 என்று திருத்தினார். ஏறத்தாழ இருநூறு ஆண்டு வேறுபாடு! அங்கு வாழ்ந்த மக்களின் வரலாறே அதனால் மாறியது. தம் முடிவைத் தாமே மாற்றிக்கொள்ள அவர் தயங்கவில்லை.

1947-இல் ஹெக்லா வெடித்தபோதும், 1963-இல் கடலிலிருந்து சர்ட்சீ தீவு எழுந்தபோதும் நேரில் ஆராய்ந்தார். இன்று கிரீன்லாந்தின் பனிப்படலங்களிலும் ஐரோப்பியச் சதுப்புநிலங்களிலும் ஐஸ்லாந்துச் சாம்பலைத் தேடிக் காலத்தைக் கணிக்கிறார்கள். அழிவின் எச்சத்தையே அறிவின் கருவியாக்கியது அவருடைய பெருந்தொண்டு.