பந்தியில் தெரியும் சீடத்துவம்

இயேசுவின் சீடருக்கு என்ன அடையாளம்? ஞானஸ்நானம், ஜெபம், ஞாயிறு ஆராதனை என்று சபைகள் பட்டியல் போடும். தமிழ்நாட்டு மிஷன் வரலாற்றைப் படித்தபோது எனக்கு வேற ஒரு அடையாளம் கிடைத்தது: யார் ஆக்கிய சோற்றை யார் தின்றார்கள் என்பது.

1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சாதியை உடனே, முற்றாக விட்டுவிட வேண்டும், திருவிருந்தில் சாதி பார்க்கக் கூடாது என்றார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். இயேசுவை அவர்கள் விடவில்லை. நம்மாட்கள் வாய்வைத்த பாத்திரத்தில் வாய்வைக்கத்தான் முடியவில்லை. பின்னாளில் அவர்களில் ஒரு பகுதியினருக்கு லைப்சிக் லுத்தரன் மிஷன் இடம் கொடுத்தது. சாதி சமூக வழக்கம்தான், மெல்ல மெல்லக் கரையும் என்பது அந்த மிஷனின் நிலைப்பாடு.

அமெரிக்கன் மதுரை மிஷன் 1847இல் கறாராக நின்றது. சாதியை விடாதவருக்குச் சபையில் இடமில்லை என்றது. உபதேசியார்கள் பலர் வெளியே போனார்கள். தாழ்த்தப்பட்டவர் சமைத்ததைச் சாப்பிட மறுப்பவர் சாதியை விடாதவரே என்ற அளவுகோலை 1850இல் சென்னை மிஷனரி மாநாடும் முன்வைத்தது. வேலை போனாலும் சரி, சேரிச் சோறு தொண்டைக்குள் இறங்காது!

இந்தக் கதையில் நாம் எங்கே இருக்கிறோம்? அடுத்தவர் விசுவாசத்தைச் சோதிக்கச் சோறு ஆக்கிப்போடும் கையாக மட்டும். ஆனால் மயிலாடி மகாராசன் வேதமாணிக்கம் யார்? சாம்பவர். தஞ்சாவூரில் கிறிஸ்தவராகி ஊர் திரும்பியவர். அவர் அழைத்துத்தான் 1806இல் ரிங்கல்தௌபே தென் திருவிதாங்கூருக்கு வந்தார். அங்கே மிஷனரியையே கூட்டிவந்தவர் ஒரு தலித். இதை எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம்?

1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை மதத்தோடு கட்டிப்போட்டது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவர் இன்னும் வெளியேதான். சாதிக் கிறிஸ்தவருக்குச் சீடத்துவத்தின் விலை ஒரு வாய்ச் சோறு. அதைக்கூட அவர்கள் கொடுக்கவில்லை. நம் சனம் பிள்ளைகளின் படிப்பையும் வேலையையும் விலையாகக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது.

எனவே அய்யர்மாரிடம் ஒன்று கேட்போம். ஞாயிற்றுக்கிழமை ஒரே பாத்திரத்தில் குடிக்கிறோம், சரி. மத்த ஆறு நாளும் எந்தத் தெருவில் கை நனைக்கிறீர்கள்? உங்கள் பெண்ணை எந்தத் தெருவில் கட்டிக்கொடுக்கிறீர்கள்?