சில்லுக்குள் ஒரு வரலாறு

யாழ்ப்பாணத்தில் பத்திரிகைத் தொழிலில் நான் காலடி வைத்தது 1992ஆம் ஆண்டில். குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை விழுந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அச்சான பத்திரிகைக் கட்டுகளை அதிகாலையில் வடமராட்சிக்கும் தென்மராட்சிக்கும் கொண்டு சென்றது ஒரு பழைய மொறிஸ் மைனர் வான். மாரி முடிந்த ஒரு காலையில் அதன் முன்சில்லொன்றிலிருந்து அரைபடும் ஓசை எழுந்தது. சாரதி வானைக் கராஜுக்குத் திருப்பினார். அங்கிருந்த முதிய மெக்கானிக் ஒருமுறை காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "பெயாரிங் போகப் பாக்குது தம்பி" என்றார். மாற்றுவதற்குப் புதியது ஒன்று எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அந்த இரும்பு வளையத்திற்கு நீண்டதொரு வரலாறு உண்டு என்பதைப் பிற்காலத்தில் வாசித்தே அறிந்தேன். வண்டியின் அச்சுக்கும் சில்லுக்கும் இடையே உருண்டைகளை வைத்து உராய்வைக் குறைக்கும் முறைக்கு 1794இல் காப்புரிமை பெற்றவர், வேல்ஸ் நாட்டின் கார்மார்தன் நகரைச் சேர்ந்த இரும்பு வார்ப்பாளரான பிலிப் வோன். ஆயினும் ஒரே அளவான உருண்டைகளைப் பெருந்தொகையில் செய்யும் வழி அன்று இருக்கவில்லை. 1883இல் ஜேர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் பிரீட்ரிக் பிஷர் உருக்கு உருண்டைகளை அரைத்தெடுக்கும் இயந்திரத்தை அமைத்த பின்னரே பெயாரிங் ஒரு பெருந்தொழிலாயிற்று. 1898இல் அமெரிக்க வண்டி உற்பத்தியாளரான ஹென்றி ரிம்கன், உருண்டைக்குப் பதிலாகச் சரிவான உருளைகளைக் கொண்ட பெயாரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். பிற்கால வான்கள் பலவற்றின் முன்சில்லுகளில் இருப்பவை இவ்வகையினவே.

பிஷரின் நகரம் 1943இல் போரின் இலக்காயிற்று. ஜேர்மனியின் பெயாரிங் உற்பத்தியில் ஏறத்தாழ அரைவாசி அங்கேயே நடைபெற்றது. பெயாரிங் இல்லையேல் விமானமும் இல்லை, தாங்கியும் இல்லை என்பது நேச நாடுகளின் கணக்கு. ஓகஸ்ட் 17ஆம் திகதி ஷ்வைன்ஃபுர்ட், றேகன்ஸ்பேர்க் ஆகிய இரு நகரங்களையும் தாக்கச் சென்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களில் 60 திரும்பவில்லை. ஒக்ரோபர் 14ஆம் திகதி ஷ்வைன்ஃபுர்ட் மீது மீண்டும் தாக்குதல். மீண்டும் 60 விமானங்கள் இழப்பு. மறுபுறத்தில் பிரித்தானியாவும் சுவீடனிலிருந்து பெயாரிங்குகளை மொஸ்கிற்றோ விமானங்களில் இரகசியமாக ஏற்றிவந்தது. இத்தனைக்கும் பின்னர், போர் முடிந்ததும் அமெரிக்கா நடத்திய ஆய்வு, இத்தாக்குதல்களால் ஜேர்மனியின் அத்தியாவசியப் போர் உற்பத்தி குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கப்பட்டதற்குச் சான்றில்லை என்று கூறிற்று. கையிருப்பில் இருந்தவற்றைக் கொண்டும், தொழிற்சாலைகளைச் சிதறவைத்தும், பெயாரிங் குறைவாகத் தேவைப்படும் வகையில் இயந்திரங்களை மாற்றியமைத்தும் அவர்கள் சமாளித்துவிட்டனர்.

ஷ்வைன்ஃபுர்ட்டையும் யாழ்ப்பாணத்தையும் ஒரே தட்டில் வைப்பது என் நோக்கமன்று. அங்கே ஓர் அரசின் போர் இயந்திரம். இங்கே பத்திரிகை விநியோகிக்கும் ஒரு வான். ஆனால் பொருளைத் தடுத்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும் என்று போடப்பட்ட கணக்கு இரண்டுக்கும் பொதுவானது. எரிபொருள், பற்றரி, சீமெந்து, உரம் என நீண்டது எமக்கான தடைப்பட்டியல். சில துளி பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் வாகனங்களை ஓட்டினோம். சில்லுக்குள் இருப்பதை யாரும் பேசவில்லை. அதைப் பேணியவர்கள் கராஜ்காரர்கள்.

அன்று அந்த முதியவர் செய்ததை இன்றும் மறக்கவில்லை. ஜக் வைத்து வானைத் தூக்கினார். சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டி இடைவெளி பார்த்தார். பின்னர் சுழலவிட்டு ஓசை கேட்டார். நட்டின் ஊசியைப் பிடுங்கி, நட்டைக் கழற்றி, சில்லின் குடத்தை இழுத்தெடுத்தார். உள்ளே கிறீஸ் சேறாகிக் கிடந்தது. தேய்ந்த ஓயில் சீலின் வழியே மாரித்தண்ணீர் புகுந்திருந்தது. அரைப்போத்தல் மண்ணெண்ணெயில் பெயாரிங்கைக் கழுவித் துடைத்து, ஒவ்வோர் உருண்டையையும் வெளிச்சத்தில் பார்த்தார். குழியோ, சூட்டினால் நீலம் பாய்ந்த தடமோ இல்லை. பால்மாப் பேணியில் பொத்திவைத்திருந்த கிறீஸை உள்ளங்கையில் எடுத்து, உருண்டைகளுக்கிடையே மறுபக்கத்தால் பிதுங்கும்வரை அழுத்தினார். சீலுக்குப் பதிலாகத் தோலில் ஒரு வளையம் வெட்டினார். கழுவிய மண்ணெண்ணெயை ஊற்றிவிடவில்லை. தெளியவிட்டு வடித்து, அடுத்த வேலைக்கென வைத்துக்கொண்டார்.

"மைனருக்கு நட்டை நல்லா இறுக்கவேணும்; இடைவெளி விடக்கூடாது. மற்ற வான்களுக்கு அப்பிடி இறுக்கினால் பெயாரிங் எரிஞ்சுபோம்" என்றார். பின்னர் நூல்களில் பார்த்தபோது அவர் சொன்னது சரியென்று கண்டேன். மைனரின் இரு உருண்டைப் பெயாரிங்குகளுக்கும் இடையே ஓர் இடைவளையம் உண்டு. நட்டின் இறுக்கத்தை அதுவே தாங்கும். ரிம்கன் வகை உருளைப் பெயாரிங்கிலோ சில்லைச் சுழற்றியபடி இறுக்கி, சற்றுத் தளர்த்தி, நூலிழை இடைவெளி விடவேண்டும்.

இதிலொரு முரணும் உண்டு. அதே 1990களில், இதே தீவின் தெற்கே காலியில், மொறிஸ் மைனருக்கான உடற்பாகங்கள் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. வடக்கில் நாங்கள் தோலை வெட்டிச் சீல் செய்துகொண்டிருந்தோம்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. அன்றிரவு அந்த வானில் பத்திரிகைக் கட்டுகள் இல்லை; நடக்க இயலாத முதியவர்கள் இருந்தனர். சனவெள்ளத்தின் நடுவே, நடப்பவரிலும் மெதுவாக, அது நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது. சில்லுக்குள் சுழன்றவை அதே பழைய உருண்டைகளே.

ஷ்வைன்ஃபுர்ட்டில் வீழ்ந்த விமானங்களின் எண்ணிக்கை வரலாற்று நூல்களில் இருக்கிறது. ஆண்டுக்கொரு முறை மாரி முடிந்ததும் சில்லைக் கழற்றிக் கழுவிக் கிறீஸ் வைத்தவர்களின் கணக்கு எங்கும் இல்லை. ஒரு சமூகத்தை ஓடவைத்தவர்களில் அவர்களும் அடங்குவர் என்பதை நேரில் கண்டவன் என்ற முறையில் இங்கே எழுதிவைக்கிறேன்.