அரசும் அதிர்ஷ்டச் சீட்டும்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் மாநகரின் பின்தெருக்களில் ஒருவகை மனிதர் வீடுவீடாகத் திரிந்தனர். செந்நிற மொறொக்கோத் தோலில் கட்டிய சிறு ஏடு ஒன்று அவர்தம் கையில் இருக்கும். அதனால் 'மொறொக்கோக்காரர்' என்றே மக்கள் அவர்களை அழைத்தனர். அரசாங்க லொத்தரின் சக்கரத்திலிருந்து இன்று இன்ன இலக்கம் வெளிவரும் என்று சமையற்காரியும் குதிரைக்காரனும் நெசவாளியும் கட்டிய பந்தயத்தை ஏட்டிற் குறித்து, அவர்கள் தந்த பென்சுகளையும் சிலிங்குகளையும் பையிற் போட்டுக்கொள்வதே இவர்களது தொழில். சட்டம் இத்தொழிலைத் தடைசெய்திருந்தது. அகப்பட்டவர் சிறை சென்றனர். இன்று அதே பிரித்தானியாவில், அரசின் அனுமதிப்பத்திரம் பெற்ற லொத்தர் நிறுவனம், கைத்தொலைபேசி என்னும் ஏட்டைக் கொண்டு அதே தொழிலைச் செய்கிறது. இப்போது சட்டம் அதற்குக் காவல் நிற்கிறது. குற்றமாயிருந்த ஒன்று அரசின் வருவாய்த்துறையாக மாறிய வரலாறு நம் கவனத்துக்குரியது.

சூதின் தீமையைப் பற்றி உபதேசம் செய்வது நமது நோக்கமன்று. அதனைச் செய்வதற்கு ஆலயங்களும் பள்ளிகளும் உண்டு. வள்ளுவர் சூதுக்கெனத் தனி அதிகாரம் ஒன்றை வகுத்தார் என்பதை மாணவர் அறிவர். அவ்வதிகாரத்தை அவர் அறத்துப்பாலில் வைக்கவில்லை, பொருட்பாலில் வைத்தார் என்பதைப் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை. கௌடிலியரோ இன்னும் வெளிப்படையானவர்: சூதாட்டத்துக்கு ஓர் அதிகாரியை நியமித்து, வென்ற பணத்தில் நூற்றுக்கு 5 பங்கை அரசுக்கு எடுத்துக்கொள்ளுமாறு அர்த்தசாத்திரத்தில் விதித்தார். சூது அரசியற் பொருளாதாரத்தைச் சேர்ந்த விஷயம் என்பதை முன்னோர் அறிந்தேயிருந்தனர். நாமும் அவ்வழியிலேயே செல்வோம்.

இங்கிலாந்தின் முதல் அரசாங்க லொத்தர் எலிசபெத் அரசியின் காலத்தது. துறைமுகங்களைச் செப்பனிடவும் நாட்டின் பாதுகாப்பை வலுப்படுத்தவும் பணம் வேண்டியிருந்தது. 10 சிலிங் விலையில் 400,000 சீட்டுகள் அறிவிக்கப்பட்டு, 1569இல் இலண்டன் தூய பவுல் தேவாலயத்தின் மேற்கு வாயிலில் குலுக்கல் நடைபெற்றது. எதிர்பார்த்த அளவுக்குச் சீட்டுகள் விற்பனையாகவில்லை. அரசியின் பெயரைக் கேட்டும் மக்கள் மயங்கவில்லை. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டின் பின், 1662இல், வில்லியம் பெற்றி லொத்தரை வரியியல் நூலிலேயே வைத்து ஆராய்ந்தார். தம்மைப் பெரிதாக எண்ணும் மூடர்மீது விதிக்கப்படும் வரியே இது என்பது அவர் முடிபு. மூடர் என்ற சொல் நமக்கு உடன்பாடன்று. வரி என்ற சொல் மிகப் பொருத்தமானது.

1694இல் பிரான்சோடு நடந்த போருக்காக எழுந்த லொத்தர் வேறு வகையானது. 10 பவுண் விலையில் 100,000 சீட்டுகளாக மொத்தம் 10 இலட்சம் பவுண் திரட்டப்பட்டது. பரிசு விழாத சீட்டுக்கும் ஆண்டுக்கு 1 பவுண் வீதம் 16 ஆண்டுகள் கிடைத்தமையால் இதனைச் சூது என்பதிலும் அரசின் கடன் எனலே தகும். இங்கிலாந்து வங்கி தோன்றியதும் இதே ஆண்டிலேதான். ஒரு வேலைக்காரப் பெண்ணின் ஆண்டுக் கூலியிலும் கூடிய விலையுள்ள சீட்டு அது. ஏழைகள் இன்னும் ஆட்டத்துக்குள் வரவில்லை.

அடுத்த நூற்றாண்டில் பாலங்களும் பொதுக் கட்டடங்களும் லொத்தர்ப் பணத்தில் எழுந்தன. பிரித்தானிய நூதனசாலையை நிறுவுவதற்கென 1753இல் பாராளுமன்றம் அனுமதித்த லொத்தரால் ஏறக்குறைய 95,000 பவுண் மிஞ்சியது. கார்ல் மார்க்ஸ் மூலதனத்துக்காகப் பல்லாண்டு குறிப்பெடுத்த அந்த நிலையம் சூதாட்டப் பணத்தில் பிறந்தது என்பதை நண்பர்கள் சற்றுப் புன்னகையோடு நினைவிற் கொள்ளலாம்.

இனி நமது செந்தோல் ஏட்டுக்காரனிடம் திரும்புவோம்.

அக்காலக் குலுக்கல் ஒரே நாளில் முடிவதன்று. பல வாரங்கள் நீடிக்கும். இலண்டன் கில்ட் மண்டபத்தில் இரு பெரிய சக்கரங்கள் நிறுத்தப்படும். ஒன்றில் சீட்டிலக்கங்கள், மற்றதில் பரிசு அல்லது வெறுமை. தருமப் பள்ளிக்கூடமொன்றின் நீலச்சட்டைச் சிறுவர் இருவர் அவற்றிலிருந்து ஒவ்வொன்றாக எடுப்பர். 1775இல் ஒரு சிறுவன் இலஞ்சம் பெற்றுச் சீட்டை மறைத்தமை வெளிவந்தபோது திறைசேரி ஓர் உத்தரவு பிறப்பித்தது: சிறுவரின் சட்டைப் பைகள் தைத்து மூடப்படவேண்டும், இடக்கை முதுகுப்புறம் இடைவாரில் இருக்கவேண்டும், வலக்கை விரல்கள் விரிந்திருக்கவேண்டும். ஏழைச் சிறுவனின் சட்டைப் பையைத் தைத்து மூடிய அதே அரசு, சீட்டுகளை மொத்தமாக ஒப்பந்தக்காரருக்கு விற்று, அவர்கள் விரும்பிய விலைக்கு மறுவிற்பனை செய்ய விட்டிருந்தது.

ஒப்பந்தக்காரர் ஒரு சீட்டை அரை, கால், அரைக்கால், மாகாணி எனக் கூறுபோட்டு விற்றனர். பதினாறில் ஒரு பங்கு கூடக் கூலியாளின் கைக்கு எட்டாத விலை. அந்த இடைவெளியிலேதான் 'இலக்கக் காப்புறுதி' முளைத்தது. சீட்டு வாங்கவேண்டியதில்லை. இன்று இந்த இலக்கம் வெளிவரும் என்று சில பென்சுகளைக் கட்டினாற் போதும். வந்தால் பணம், வராவிட்டால் நாளைக்கு மீண்டும் கட்டலாம். குலுக்கல் நீடித்த ஒவ்வொரு நாளும் புதிய ஆட்டம். ஆண்டுக்கொரு முறை வந்த விழா தினசரிப் பழக்கமாக மாறியது. இலண்டன் நீதவானாயிருந்த பற்றிக் கொஹூன் 1796இல் வெளியிட்ட நூலில், இத்தகைய கள்ளக் காப்புறுதிக் கடைகள் 400 என்றும், அவற்றுக்காகத் தெருவில் இறங்கியோர் ஆயிரக்கணக்கானோர் என்றும் மதிப்பிட்டார். குலுக்கற் காலங்களில் படுக்கையும் உடுப்பும் தொழிற் கருவியும் அடகுக்கடைக்குப் போயின.

1808இல் பாராளுமன்றத்தின் விசேட குழு ஒன்று இதனை விசாரித்தது. கள்ளக் காப்புறுதியை ஒழிக்கத் தண்டனைகளைக் கூட்டுவதே போதும் என்ற வாதம் அங்கு பலமாயிருந்தது. குழுவோ வேறு முடிவுக்கு வந்தது. நோய் கிளையில் இல்லை, வேரிலேயே உண்டு. எத்தகைய விதிகளை வகுத்தாலும் லொத்தரை வருவாயாகவும் வைத்துக்கொண்டு அதன் தீங்குகளையும் களைந்துவிட முடியாது என்று அது அறிக்கையிட்டது. பிரபுக்களும் கனவான்களும் இருந்த ஒரு குழு இவ்வளவு தெளிவாகப் பேசியமை வியப்புக்குரியது. ஆயினும் லொத்தர் மேலும் 18 ஆண்டுகள் நடந்தது.

ஏன் நடந்தது என்பதற்கு விடை 1816இல் உள்ளது. நெப்போலியனோடு நடந்த போர் முடிந்த கையோடு, அரசாங்கத்தின் விருப்பத்துக்கும் மாறாக, பாராளுமன்றம் வருமான வரியை நீக்கியது. செல்வர்மீது விழுந்த அந்த வரி ஒரு நாளேனும் நீடிக்கலாகாது என்று வற்புறுத்திய சபைக்கு, வேலைக்காரியின் பென்சை உறிஞ்சிய லொத்தரை நீக்க மேலும் 10 ஆண்டுகள் வேண்டியிருந்தன. 1826 அக்டோபர் 18ஆம் தேதி கடைசிக் குலுக்கல் நடந்தது. அதன்பின் 168 ஆண்டுகள் பிரித்தானியாவில் தேசிய லொத்தர் இல்லை.

இடைக்காலத்தைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. குதிரைப் பந்தயமும் உதைபந்தாட்டப் பந்தயமும் தொழிலாளரின் சில்லறையைக் கவர்ந்தன. 1956இல் நிதியமைச்சர் ஹரோல்ட் மக்மில்லன் பரிசுப் பத்திரத் திட்டத்தை முன்வைத்தபோது, எதிர்க்கட்சியிலிருந்த ஹரோல்ட் வில்சன் அதனை இழிந்த குலுக்கற் சீட்டு என்று சாடினார். அப்பத்திரத்தில் வாங்கியவரின் முதல் அழியாது. வட்டி மட்டுமே பரிசாகும். அதற்கே அத்தனை கோபம்.

1979இல் பிரித்தானியாவில் உழைப்பு வருமானத்தின்மீதான வரியின் உச்ச வீதம் நூற்றுக்கு 83. தற்சர் அம்மையாரின் ஆட்சியில் அது முதலில் 60 ஆகவும் 1988இல் 40 ஆகவும் இறங்கியது. 1993இல் ஜோன் மேஜரின் அரசு தேசிய லொத்தர்ச் சட்டத்தை நிறைவேற்றியது. ஒன்று மற்றதற்கு நேரடிக் காரணம் என்று நாம் சாதிக்க வரவில்லை. ஆனால் 1816ஐ மறவாதவர்க்கு இந்த வரிசை புதிதாகத் தோன்றாது.

1994 நவம்பர் 19ஆம் தேதி முதற் குலுக்கல் தொலைக்காட்சியில் நடந்தது. 49 எண்களில் 6 எண்களைத் தெரியவேண்டும். பெரும்பரிசு விழும் வாய்ப்பு 13,983,816இல் ஒன்று. சீட்டு 1 பவுண். அதில் ஏறக்குறைய பாதி பரிசுக்கு. 28 பென்ஸ் 'நற்காரியங்களுக்கு'. 12 பென்ஸ் அரசுக்கு வரியாக. மீதி கடைக்காரருக்கும் நடத்தும் கம்பனிக்கும். தோட்டக்காரனும் துரையும் ஒரே 1 பவுணுக்கு ஒரே 12 பென்ஸ் வரி கட்டும் இந்தச் சமத்துவத்தை நாம் வியக்காமல் இருக்கமுடியாது.

நற்காரியங்கள் யாவை? கிராம மண்டபங்களும் விளையாட்டுத் திடல்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முதற் சில மாதங்களிலேயே, 1995இல், ஏறக்குறைய 125 இலட்சம் பவுண் லொத்தர்ப் பணம் சேர்ச்சிலின் கடிதங்களையும் பத்திரங்களையும் அவரது குடும்ப அறக்கட்டளையிடமிருந்து விலைக்கு வாங்கச் சென்றது. கோடிக்கணக்கான பவுண் இலண்டன் இசைநாடக அரங்குக்குப் போயிற்று. அவ்வரங்கின் முன்வரிசை ஆசனத்தில் அமர்ந்தவருள் சீட்டு வாங்கியவர் எத்தனை பேராயிருப்பர்?

லாபம் சென்ற வழியும் விநோதமானது. லொத்தரை நடத்திய கமெலொட் கம்பனியை 2010இல் 389 மில்லியன் பவுணுக்கு வாங்கியது யாரெனின், கனடாவின் ஒன்ராறியோ மாகாண ஆசிரியரின் ஓய்வூதிய நிதியம். இங்கிலாந்தின் சுரங்கக் கிராமத்திலே வேலையிழந்தவன் வாங்கிய சீட்டிலிருந்து கடல்கடந்த ஓர் உபாத்தியாயரின் முதுமைக்காலம் காக்கப்பட்டது! நம் வாசகருட் பலர் ஆசிரியர். அவர்களைக் குறைகூறுவதற்கன்று இது. மூலதனம் எவரையும் எவரோடும் அவர்கள் அறியாமலே பிணைத்துவிடும் என்பதற்கு இதனிலும் நல்ல பாடம் கிடைப்பது அரிது. 2024 பெப்ரவரியில் லொத்தர் ஒரு செக் கோடீசுவரரின் குழுமத்தைச் சேர்ந்த கம்பனியிடம் சென்றது.

சோசலிச நாடுகள் இதிலிருந்து நீங்கியவையா என்று கேட்போருக்கு நேர்மையான விடை சொல்லவேண்டும். சோவியத் அரசும் 1970இல், அதே 49இல் 6 என்ற கணக்கோடு, விளையாட்டு லொத்தரைத் தொடங்கியது. நம் வீட்டுக் கணக்கையும் மறைக்காமல் வைப்பதே முறை.

இணையம் வந்தபின் நிகழ்ந்த மாற்றத்துக்கு வருவோம். 1994இல் குலுக்கல் கிழமைக்கு ஒரு முறை. 1995இல் சுரண்டற் சீட்டு வந்தது (நம் மொழி சில வேளை எத்துணை உண்மை பேசுகிறது!). 1997இல் கிழமைக்கு இரண்டு குலுக்கல்கள். 2003இல் லொத்தர் இணையத்தில் ஏறியது. 2013இல் விலை 2 பவுணாயிற்று. 2015இல் 49 எண்கள் 59 ஆக்கப்பட, வாய்ப்பு 45,057,474இல் ஒன்றாகச் சுருங்கியது. விலை இரட்டிக்க, நம்பிக்கை மூன்றிலொன்றுக்கும் கீழே குறைந்தது. 2021-22 அளவில் விற்பனையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு இணையவழியே நடந்தது.

இணையத்தில் விற்பது குலுக்கற் சீட்டு மாத்திரமன்று. 'உடன் வெற்றி' ஆட்டங்கள் என்பன வேறு வகை. விரலால் தொட்டதும் திரையில் பெட்டிகள் திறக்கும், காசுகள் உருளும். ஓரிரு கணத்தில் முடிவு. தோற்றால் அடுத்த ஆட்டம் அங்கேயே காத்திருக்கிறது. சனிக்கிழமை வரை சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக் கனவு காண்பதற்கு ஓர் இடைவெளி இருந்ததே, அது இங்கில்லை. அந்த இடைவெளிதான் ஏழை தன் காசுக்கு உண்மையிற் பெற்றுக்கொண்ட ஒரே பண்டம் என்று நாம் கருதுகிறோம். இன்னொன்றும் போய்விட்டது. மூலைக் கடைக்காரன் தன்னிடம் நாலாம் முறை வருபவனின் முகத்தைப் பார்ப்பான். ஒருவேளை வீட்டுக்குப் போ என்றும் சொல்வான். திரைக்கு முகமில்லை. வங்கிக் கணக்கோடு பிணைத்துவிட்டால் காசை எண்ணிக் கொடுக்கும் கைக்கும் வேலையில்லை. 1808ஆம் ஆண்டுக் குழு அஞ்சியது பெருங்குலுக்கலையன்று. சிறு தொகை, அடிக்கடி ஆட்டம், வீடு தேடி வரும் முகவன் என்ற மூன்றும் ஒன்றுசேர்வதையே. இம்மூன்றும் இப்போது அனுமதிப்பத்திரத்தோடு ஒரே கையில் சேர்ந்திருக்கின்றன. 16 வயதினர் இவ்வாட்டங்களை ஆடலாம் என்ற நிலை 2021 வரை நீடித்தது.

நம் நாட்டைப் பற்றியும் சில வார்த்தை. ஆஸ்பத்திரிகளின் பெயரால் சீட்டு விற்ற காலத்துக்குப் பின், 1963ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டம் தேசிய லொத்தர் சபையை அமைத்தது; 1997இல் அபிவிருத்தி லொத்தர் சபைக்குத் தனிச் சட்டம் வந்தது. பஸ் நிலையங்களில் வெயிலில் நிற்கும் சீட்டு விற்பனையாளரை நாம் தினமும் காண்கிறோம். அவர்களுட் பலர் முதியோர். பலர் கால் இழந்தோர், பார்வை இழந்தோர். ஒவ்வொரு சீட்டிலும் கிடைக்கும் சில ரூபாக்களே அவர்களின் அன்றாடச் சோறு. சீட்டு இப்போது இங்கும் கைத்தொலைபேசிக்கு வந்துவிட்டது. தொலைபேசிக்குத் தரகு கொடுக்கவேண்டியதில்லை, மேசையும் குடையும் வேண்டியதில்லை என்று கணக்குப் பார்ப்போர் கொழும்பில் இருப்பர். யாழ்ப்பாணத்திலோ ஹற்றனிலோ பஸ்ஸை விட்டிறங்கும்போது, அந்தக் குடையின்கீழ் இருப்பவரிடம் ஒரு நாளைக்கு எத்தனை சீட்டு விற்கிறது, சென்ற ஆண்டு எத்தனை விற்றது என்று நம் மாணவர் கேட்டு எழுதி அனுப்பினால், இவ்வரலாற்றின் அடுத்த பகுதியை அவர்களின் குறிப்புகளிலிருந்தே எழுதலாம்.