காது இரைச்சலும் செவித்திறன் குறைபாடும்: காதொலிக் கருவியின் பயன்

வெளியில் ஒலி ஏதுமின்றிக் காதில் ரீங்காரம் அல்லது விசில் போன்ற ஓசை கேட்பது காது இரைச்சல் எனப்படும். இது பெரும்பாலும் செவித்திறன் குறைபாட்டுடன் சேர்ந்தே காணப்படுகிறது.

காதொலிக் கருவி இரைச்சலைக் குணப்படுத்துவதில்லை. வெளி ஒலிகளைப் பெருக்கித் தருவதால் பேச்சு தெளிவாகக் கேட்கும். இரைச்சலின் மீதான கவனமும் குறையலாம். எனவே, செவித்திறன் குறைபாடு இல்லாதவர்களுக்கு இரைச்சலுக்காக மட்டும் இக்கருவி பரிந்துரைக்கப்படுவதில்லை.

கருவி வாங்கும் முன் காது மூக்கு தொண்டை மருத்துவரின் பரிசோதனையும் ஆடியோகிராம் சோதனையும் அவசியம். தொடக்கத்தில் ஒலிகள் மிகையாகத் தோன்றலாம்; அமைதியான இடத்தில் அணியத் தொடங்கி, நேரத்தைப் படிப்படியாக அதிகரிக்கவும்.

ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடித்துடிப்புடன் இசைந்த இரைச்சல் ஆகியவற்றுக்கு மருத்துவரை அணுகவும். திடீரெனக் கேட்கும் திறன் குறைந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவும். தாமதம் செவித்திறன் மீளும் வாய்ப்பைக் குறைக்கும்.